விளக்கும் வீடும்
கிந்தாப் பள்ளத்தாக்கின் மின்சாரச் சரித்திரமும் நம் கடமையும்

ஈப்போ நகரின் வடமேற்கே, மலையடிவாரத்தை ஒட்டினாற்போல் ஜெலாப்பாங் என்னும் ஊர் இருக்கிறது. ஜெலாப்பாங் என்ற மலாய்ச் சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்பது பொருள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் சுங்கச் சாவடியொன்று 2009-ம் ஆண்டு வரை இங்கே இருந்தபடியால், ஊரைப் பார்த்திராதவர்களும் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள். இன்று அங்கே தொழிற்சாலைகளும் கடைவீதிகளும் வரிசை வரிசையாய் வீடுகளும் நிறைந்திருக்கின்றன. ஜெலாப்பாங்கிலும், அதனை அடுத்த சிலிபின், புந்தோங் முதலிய இடங்களிலும் வாழும் தமிழர்களுள் பலர், பால்வெட்டுத் தோட்டங்களிலே பிறந்தவர்கள். அல்லது அங்கே பிறந்தவர்களின் மக்கள். தோட்டத்தை விட்டு நகரத்துச் சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்த இவர்களுடைய வீட்டில் இன்று பொத்தானை அழுத்தினால் விளக்கெரிகிறது. மாத முடிவில் கட்டணச் சீட்டும் தவறாமல் வருகிறது.

இந்த விளக்கு கிந்தாவுக்கு எப்பொழுது வந்தது? யாருக்காக வந்தது? நம்மவர் வீட்டுக்கு வர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? வந்த பின்பும் அதனை ஆளும் அறிவு ஏன் நம் கைக்கு வந்து சேரவில்லை? இவ்வினாக்களைச் சரித்திர வாயிலாக ஆராய்ந்து, இனி நாம் செய்யவேண்டியது யாது என்பதைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கத்துக்கு முதல் விளக்கு

இந்நாட்டில் மின்சாரத்தின் கதை 1894-ம் ஆண்டில் சிலாங்கூர் ராவாங்கில் தொடங்குகிறது. அங்கே ஈயச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்புகளை ஓட்டுவதற்காக மின்சார இயந்திரம் ஒன்றை இருவர் கூடி நிறுவினர். ஒருவர் சீனப் பிரபு லோக் யூ. மற்றவர் தமிழர், தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவர் என்றே தம்புசாமிப் பிள்ளையை நம்மவர் அறிவர். மலாயாவின் முதல் மின்சார முயற்சியிலே ஒரு தமிழரின் முதலும் துணிவும் இருந்தன என்பதை அறிந்தவர் சிலரே. கோயிலை நினைவில் வைத்துக்கொண்டு இயந்திரத்தை மறந்துவிட்டது நம் சமூகத்தின் பழைய வழக்கம்.

அடுத்து, 1900-ம் ஆண்டில் பகாங்கு நாட்டு ரவூப்புக்கு அருகில் செம்பாம் ஆற்றின் நீரைக் கொண்டு ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனி மின்சாரம் எடுத்தது. அதுவும் சுரங்கத்துக்கே.

பிறகு வந்தது நம் பேராக். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகிலேயே ஈயம் மிகுந்து கிடைத்த இடங்களுள் ஒன்று. குளத்திலே மிதந்துகொண்டு மண்ணை வாரியெடுத்து ஈயத்தைப் பிரிக்கும் பெருங்கப்பல்கள் இங்கே பெருகின. அவற்றை ஓட்ட அளவிறந்த சக்தி வேண்டியிருந்தது. விறகையும் கரியையும் நம்பி நடத்த முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே 1926-ம் ஆண்டில் பேராக் ஆற்று நீர்மின்சாரக் கம்பெனி தோன்றியது. கோலகங்சாருக்கு மேலே சென்டரோ என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. 1930-ம் ஆண்டில் அந்நிலையம் வேலைக்கு வந்தது. அங்கிருந்து காடும் மேடும் கடந்து கம்பிகள் கிந்தாவுக்கு இறங்கின. ஈயக்கப்பல்கள் இரவும் பகலும் ஓடின. ஈப்போ முதலிய பட்டணங்களின் வீதிகளும், துரைமார் பங்களாக்களும், வசதியுள்ளோர் கடைகளும் ஒளிபெற்றன.

இதே 1930-ம் ஆண்டில்தான் உலகமெங்கும் ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டத்தில் ஆணுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசுமாய் இருந்த நாட்கூலி, நாற்பதாகவும் முப்பத்திரண்டாகவும் குறைக்கப்பட்டது. வேலையற்றுப் போனவர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறித் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டார்கள். ஆற்றிலே பிறந்த ஒளி மாநிலத்துக்குள் வந்த ஆண்டும், அந்த மாநிலத்தின் உழைப்பாளி அரைவயிற்றுக் கஞ்சிக்கு இறங்கிய ஆண்டும் ஒன்றே. மண்ணுக்கடியில் கிடந்த உலோகத்துக்கு மின்சாரம் கிடைத்தது. மண்ணின்மேல் நின்ற மனிதனுக்கு மண்ணெண்ணெய்தான் கிடைத்தது.

லயத்து இருட்டு

அக்காலத்து லயத்தை நம் முதியோர்களில் பலர் இன்னும் மறந்திலர். நீண்ட கூரையொன்றின் கீழ் வரிசையாய் அறைகள். ஓர் அறை ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி. முன்னே ஒரு சிறு திண்ணை. அதற்குள்ளே கணவன், மனைவி, மக்கள், சில வேளை ஊரிலிருந்து வந்த உறவினர். சமையல் அதே இடத்தில், அல்லது பின்புறத்துத் தட்டி மறைவில். விளக்கென்பது மண்ணெண்ணெய்ச் சிமிளி.

பால்மரம் வெட்டும் தொழில் விடிவதற்கு முன்னே தொடங்குவது. வெயில் ஏறுமுன், குளிர்ச்சியான வேளையிலேதான் பால் நன்றாக ஓடும். ஆதலால் இருட்டிலேயே எழுந்து, அடுப்பு மூட்டி, குழந்தைக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடவேண்டும். ஆக, தோட்டப் பெண்ணுக்கு விளக்கு வேண்டியது இரவில் மட்டுமன்று, விடியலிலும்தான். விறகுப் புகையும் சிமிளிப் புகையும் சேர்ந்து சுவரைக் கறுப்பாக்கின. சுவரில் படிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சில் படிந்ததை யாரும் அளந்து பார்க்கவில்லை.

சட்டம் இல்லாமற் போகவில்லை. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆளெடுப்பது 1910-ம் ஆண்டில் நின்றது. மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளி வீடு கொடுக்கவேண்டும், வைத்தியம் கொடுக்கவேண்டும், ஏழு வயது முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று விதித்தது. நல்ல விதிகளே. ஆயினும் அவற்றின் அடியிலே ஒரு கணக்கு இருந்தது. வீடு முதலாளியுடையது. வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை போனால் வீடும் போயிற்று. தன்னுடையதல்லாத வீட்டில் ஒருவன் ஓர் ஆணி அறைவதற்கும் கேட்டுத்தான் அறையவேண்டும். பள்ளியோ எழுத்தும் கணக்கும் கொஞ்சம் கற்பித்து, பிள்ளையைத் திரும்பவும் மரத்தடிக்கே அனுப்பும் பள்ளியாய் இருந்தது. கம்பியைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் அங்கே ஒரு சொல்லும் இல்லை.

1929-ம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டிலே கலந்துகொண்டார். ஜாதி வேற்றுமையையும் மூடப் பழக்கத்தையும் விடுத்துப் பகுத்தறிவைத் துணைக்கொள்ள வேண்டும் என்ற கிளர்ச்சி அக்காலத்தே இந்நாட்டில் வேரூன்றியது. சென்டரோ அணை முடியுந்தறுவாயில் இருந்த காலமும் அதுவே. ஒரு புறம் அறிவின் விளக்கைப் பற்றிய பேச்சு. மறுபுறம் ஆற்றிலே ஆக்கப்பட்ட விளக்கு. இவ்விரண்டும் லயத்து வாசற்படியில் சந்தித்திருக்குமானால் நம் சரித்திரம் வேறாயிருக்கும். சந்திக்கவில்லை.

காவலுக்கு வந்த ஒளி

யுத்தம் முடிந்தபின் 1949-ம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. பல பட்டணங்களின் மின்சாரம் சர்க்கார் வசம் வந்தது. ஆனால் கிந்தாவில் பேராக் கம்பெனியே தொடர்ந்து ஆண்டது.

அதற்குள் 1948-ம் ஆண்டில் அவசரகாலம் பிறந்தது. 1950 முதல் காட்டோரத்து மக்களைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். கிந்தா ஜில்லாவில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்கள் உண்டாயின. தோட்டத் தொழிலாளர்களையும் பல இடங்களில் முள்வேலிக்குள் ஒன்றுகூட்டினார்கள். இப்படிப்பட்ட கிராமங்கள் பலவற்றில் முதலில் ஏற்றப்பட்ட மின்விளக்கு வீட்டுக்குள்ளே ஏற்றப்படவில்லை; வேலியைச் சுற்றி ஏற்றப்பட்டது. குடியிருப்பவன் படிப்பதற்காக அன்று. அவன் எங்கே போகிறான் என்று காவற்காரன் பார்ப்பதற்காக.

சுதந்திரத்துக்குப் பின்னும் பல தோட்டங்களில் மின்சாரம் என்றால் தோட்டத்து இஞ்சின்தான். பொழுது சாய்ந்ததும் ஓட்டுவார்கள். இரவு மணி பத்தானால் நிறுத்துவார்கள். மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பத்து மணிக்குமேல் மெழுகுவத்திக்கோ சிமிளிக்கோ திரும்பவேண்டும். எப்பொழுது விளக்கெரியவேண்டும், எப்பொழுது அணையவேண்டும் என்பதை வீட்டிலுள்ளவன் தீர்மானிக்கவில்லை.

1954-ம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. சம்பளத்தோடு வீடும் நீரும் விளக்கும் கோரிக்கைகளாயின. 1966-ம் ஆண்டில் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டமும், அதற்குப் பதிலாக 1990-ம் ஆண்டில் விரிவான சட்டமும் வந்தன. குழாய் நீரும் போதிய மின்சாரமும் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை என்று பின்னைய சட்டம் திட்டமாய்க் கூறிற்று. ராவாங்கில் முதல் இயந்திரம் ஓடி தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழிந்த பின்பே சட்டப் புத்தகத்தில் அந்த வாசகம் அப்படி ஏறியது.

இடையில் 1982-ம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பேராக் கம்பெனியின் மின்சாரம் தேசிய மின்சார வாரியத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டிலே, 1938-ல் கட்டப்பட்டுத் தஞ்சோங் துவாலாங் பக்கம் ஓடிய ஐந்தாம் எண் ஈயக்கப்பல் வேலையை நிறுத்தியது. 1985-ம் ஆண்டில் உலக ஈயச் சந்தையே கவிழ்ந்தது. எந்தக் கப்பல்களுக்காக ஆற்றை மறித்தார்களோ அந்தக் கப்பல்கள் போயின. கம்பிகள் இருக்கின்றன, மக்கள் இருக்கின்றார்கள். இனி அந்த மின்சாரம் மக்களுக்கே உரியது என்று சொல்லுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கமுடியாது.

தோட்டம் கலைந்தது, சீட்டு வந்தது

ஆனால் அதே காலத்திலே தோட்டமும் கலையத் தொடங்கிற்று. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தார்கள், பனையையும் வெட்டி வீட்டுமனை போட்டார்கள், நெடுஞ்சாலை அமைத்தார்கள். தலைமுறை தலைமுறையாய் லயத்தில் இருந்தவர்கள் ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு பட்டணத்து ஓரங்களுக்கு நடந்தார்கள். சிலர் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். சிலருக்கு மலிவு வீடு கிடைத்தது. 1980-களில் சர்க்கார், வீடு கட்டும் கம்பெனிகள் ஒரு பங்கு மலிவு வீடுகளும் கட்டவேண்டும் என்று விதித்து, அதன் விலை 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படக்கூடாது என்று வரையறுத்தது. 1998-க்குப் பின் மக்கள் வீட்டுத் திட்டம் என்ற பெயரில் வாடகை அடுக்குமாடிகள் எழுந்தன.

மலிவு வீடு நம்மவருக்குப் பெரும் நன்மை. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. முதன்முறையாகச் சாவி தொழிலாளியின் கையில் இருக்கிறது. ஆனால் மலிவாய்க் கட்டிய வீட்டுக்குள் வாழும் செலவு மலிவாய் இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மெல்லிய தகட்டுக் கூரையில் பகலெல்லாம் விழும் வெயில், தடுப்பின்றி நேரே கீழே இறங்குகிறது. அடுக்குமாடியின் மேல்தளத்திலோ, கான்கிரீட் பகலிலே வெப்பத்தை உண்டு இரவிலே உமிழ்கிறது. மேற்குச் சுவர் அந்தியில் தொட்டால் சுடுகிறது. லயத்துக்குப் பக்கத்தில் பால்மர நிழல் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. ஆகவே விசிறி, இரண்டாவது விசிறி, பிறகு தவணைக்கு வாங்கிய குளிர்சாதனம் என்று ஒவ்வொன்றாய் உள்ளே வருகிறது.

லயத்திலே மின்சாரத்தின் எஜமானன் துரை. இங்கே வீட்டுக்காரனே எஜமானன். ஆனால் எஜமானனுக்கு வேண்டிய படிப்பு அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. சாவியைக் கொடுத்தவர்கள், மீட்டரை எப்படிப் படிப்பது, எந்தக் கருவி எவ்வளவு உண்கிறது, எந்த வயர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

சில கணக்குகள்

இதில் கஷ்டமான சாஸ்திரம் ஒன்றுமில்லை. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அறுபது வாட் பழைய குண்டு பல்பை நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரித்தால் முப்பது நாளில் ஒன்பது யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தரும் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். வீட்டில் ஐந்து பல்பு இருந்தால் வித்தியாசத்தை வாசகரே பெருக்கிக்கொள்ளலாம்.

கூரை விசிறி எழுபது வாட் என்று வைத்தால், இரவு எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். ஒரு குதிரைசக்தி குளிர்சாதனம் முழுவேகத்தில் ஓடினால் அதே எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஆறு யூனிட். குளிர்சாதனம் வேண்டாம் என்று நாம் உபதேசிக்கவில்லை. இரவு வேலை செய்து பகலில் உறங்கும் தொழிலாளிக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அது ஆடம்பரமன்று. ஆனால் கூரையின் வெப்பத்தைத் தடுக்காமல் அறையைக் குளிரச் செய்வது, ஓட்டைக் குடத்தில் நீரூற்றுவதற்கு ஒப்பாகும். கூரைக்கு வெள்ளை வர்ணம், உள்ளே தட்டி, அதன்மேல் வெப்பத்தைத் திருப்பும் தகடு, மேற்கு ஜன்னலுக்கு நிழல், சூடான காற்று வெளியேற மேலே ஒரு திறப்பு: இவை முதலில், இயந்திரம் பிறகு.

குளிர்ப்பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்து போனால் அது இரவு பகலாய் நின்றுபோகாமல் ஓடும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றவேண்டும். சோற்றுப் பானையைக் காலையில் இறக்காமல் மாலைவரை சூட்டிலே வைத்திருப்பதும் காசுதான்.

செலவைவிடப் பெரியது அபாயம். ஒரே சொருகுகுழியில் நாலைந்து கருவிகளை மாட்டுவதும், தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு மலிவாய் வயர் இழுப்பதும், மின்கசிவு ஏற்பட்டால் தானே இறங்கிக் காக்கும் சுவிட்சு அடிக்கடி இறங்குகிறதே என்று அதனைக் கட்டிவைப்பதும் நம் வீடுகளில் காணப்படாதவை அல்ல. அந்தச் சுவிட்சு இறங்குவது தொந்தரவன்று, எச்சரிக்கை. மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்து குடிசை எரிந்தது பழைய கதை. வயர் காய்ந்து வீடு எரிவது புதிய கதையாகிவிடக் கூடாது.

பிற நாட்டார் செய்தது

இவற்றையெல்லாம் வீடு வீடாய்ச் சென்று யார் சொல்லுவார் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பிற நாட்டார் சிலர் விடை கண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் 1981-ம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றிற்று. நிலக்கரியும் கப்பல் தொழிலும் நலிந்து வேலையற்றோர் பெருகியிருந்த காலம். ஏழைகளின் வீடுகளிலோ குளிர்காற்று கதவிடுக்கெல்லாம் புகுந்தது. அச்சங்கத்தார் வேலையற்றோருக்குப் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே கதவிடுக்குகளை அடைப்பித்து, கூரைக்குள் வெப்பங்காக்கும் பொருள் பரப்பச் செய்தனர். 1983-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து கிளாஸ்கோவிலும் இதே வழியில் ஒரு முயற்சி தொடங்கியது. அங்கே நகரசபையின் வாடகை வீடுகள் மிகுதி. ஆகவே வீட்டுச் சொந்தக்காரனான சபையை ஒரு முறை இணங்கச் செய்தால் நூறு வீடுகளின் கதவு திறந்தது. வேலையற்றவனுக்குத் தொழில், ஏழைக்குச் சுகம், சபைக்குப் பழுதற்ற வீடு என்று மூன்று பலன்கள் ஒரே செலவில் கிடைத்தன.

ஜெர்மனியிலே 2008-ம் ஆண்டின் இறுதியில் கரித்தாஸ் என்னும் தரும ஸ்தாபனமும் மின்சிக்கன நிலையங்களின் சங்கமும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. நெடுநாள் வேலையின்றி இருந்தவர்களைப் பயிற்றி மின்சிக்கன ஆலோசகர்களாக்கினர். அவர்கள் வருமானம் குறைந்தவர் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு கருவியையும் அளந்து பார்க்கிறார்கள். மறுமுறை வந்து, சிக்கன பல்பு முதலியவற்றை இலவசமாய்ப் பொருத்திக் கணக்கையும் விளக்குகிறார்கள். அறிவுரை சொல்லுகிறவர் உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி வந்தவர் அல்லர். நேற்றுவரை அதே நெருக்கடியில் இருந்தவர். ஆகவே வீட்டுக்காரி வெட்கமின்றிச் சீட்டை எடுத்துக் காட்டுகிறாள். இம்முறையின் வெற்றிக்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

நம் தாய்த்தமிழகத்திலும் 2011-ம் ஆண்டில் சூரிய ஒளி மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிராமத்து ஏழைகளுக்கு ஆண்டொன்றுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. ஒவ்வொரு வீட்டுக்கும் சூரிய சக்தியால் எரியும் ஐந்து விளக்குகள். வீட்டையும் விளக்கையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கது. இதோடு நாம் ஒன்றைக் கூட்டிச் சொல்லுவோம். விளக்குப் பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணோ பிள்ளையோ அந்தத் தெருவிலேயே இருக்கவேண்டும். ராஜஸ்தானம் திலோனியாவில் 1972-ம் ஆண்டில் தோன்றிய கல்லூரி, எழுத்தறியாத கிராமத்துத் தாய்மாருக்கும் சூரிய விளக்குப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் கற்பிக்கிறது. பல தேசத்துப் பாட்டிமார் அங்கே வந்து கற்றுத் தங்கள் ஊருக்கு ஒளியேற்றியிருக்கிறார்கள். பெண்ணுக்கு இயந்திரம் வராது என்பவர்களுக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கது

இந்நாட்டில் இதற்கு வேண்டிய உறுப்புகள் பலவும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று சேராமல் கிடப்பதே குறை. கருவிகளின் மேல் நட்சத்திர முத்திரை இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் மிகுந்த சிக்கனத்தைக் குறிக்கும். எரிசக்திச் சிக்கனத்துக்கென்றே 2024-ம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. வயர் வேலை செய்வோருக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று இருக்கிறது. சான்று பெற்றவரே அவ்வேலையைச் செய்யவேண்டும் என்பது விதி. ஈப்போவிலேயே 1969-ம் ஆண்டு முதல் உங்கு ஒமார் பாலிடெக்னிக் நடைபெறுகிறது. தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. கூரையின்மேல் சூரியத் தகடு பொருத்தும் தொழில் நாடெங்கும் வளர்ந்து வருகிறது. கையும் தலையும் உள்ளவர்களுக்கு அதில் இடமுண்டு.

ஆனால் முத்திரையைப் படிக்க வேண்டிய தாய்க்கு அதன் பொருளைச் சொல்ல ஆளில்லை. பயிற்சி நிலையத்துக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரிவதில்லை. மலிவு வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்போர் சங்கமோ, மாடி விளக்கு எரியவில்லை, தண்ணீர்த் தொட்டி நிரம்பவில்லை என்று மனுக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. இம்மூன்றையும் ஓரிடத்தில் முடிச்சுப் போடவேண்டும்; அந்த இடம் வீடே ஆகும்.

ஜெலாப்பாங் போன்ற ஊரில் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே பள்ளி முடித்தும் நிலையான வேலையின்றி இருக்கும் வாலிபர்களும் இளம்பெண்களும் இல்லாமற் போகார். அவர்களுள் பத்துப் பேருக்கு வயர் வேலையும், கருவி அளக்கும் முறையும், கூரைக்கு வெப்பத்தடுப்பு அமைக்கும் வேலையும், சூரியத் தகடு பொருத்தும் வேலையும் முறையாய்ப் பயிற்றுவித்துச் சான்று வாங்கித் தரலாம். பயிற்சிக் காலத்திலேயே, தகுதிபெற்ற மேற்பார்வையாளருடன் அதே குடியிருப்பில் வீடு வீடாய்ச் சென்று சோதிக்கச் செய்யலாம். தமிழருக்குத் தமிழிலும், மலாய்க்காரருக்கு மலாயிலும், சீனருக்குச் சீனத்திலும் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். மின்சாரத்துக்கு ஜாதியில்லை, மதமுமில்லை. ஒரே கம்பியில்தான் எல்லார் வீட்டு விளக்கும் எரிகிறது.

இதைச் சர்க்கார் செய்யவேண்டும், வீட்டு இலாகா செய்யவேண்டும், மின்சார ஸ்தாபனம் செய்யவேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. இந்நாட்டின் முதற் செல்வமான ஈயத்துக்கும் ரப்பருக்கும் வியர்வை கொடுத்தவர்களின் சந்ததி கேட்கிறது, யாசகமாய்க் கேட்கவில்லை. அதே சமயம், அவர்கள் வரும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதும் இல்லை. நம் சங்கங்களும் கோயிற் கமிட்டிகளும் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வர்ண விளக்குத் தோரணம் கட்டச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், பத்துப் பிள்ளைகளின் பயிற்சிக்கு அதுவே தொடக்கமாகும். ஒரு வாரம் எரிந்து அணையும் தோரணத்தைவிட, ஒரு பிள்ளையின் கையில் ஏறிய தொழில் நெடுநாள் ஒளிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவைப்போம். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வயர் இழுக்கும் வேலையையும், கூரைமேல் ஏறும் வேலையையும் தாழ்ந்த கூலிவேலை என்று தம் பிள்ளைகளுக்கு மறுப்பதை அங்கங்கே காண்கிறோம். நாற்காலியில் உட்காரும் வேலையே கௌரவம் என்ற எண்ணம், உழைப்பைத் தாழ்த்திய ஜாதிமுறை நமக்கு விட்டுச்சென்ற நோய். கற்றறிந்து செய்யும் கைத்தொழிலில் இழிவென்பது இல்லை. அந்த அறிவு நம்மிடம் இல்லாதபோதுதான் நாம் பிறர் இஞ்சினை நிறுத்தும் நேரத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தோம்.

ராவாங்கின் 1894 முதல் இன்றுவரை இந்நாட்டு மின்சாரத்தின் சரித்திரம் ஒன்றைத் தெளிவாக்குகிறது. சுரங்கத்தை ஆண்டவனிடம் முதலில் போயிற்று. வேலியைக் காத்தவனிடம் அடுத்துப் போயிற்று. தோட்டத்தை ஆண்டவனிடம் தங்கிற்று. கடைசியிலே குடியிருப்பவனிடம் வந்தது. வந்தது கம்பி மட்டுமே. கம்பியோடு அதனை ஆளும் அறிவும் வரும்போதுதான் வீடு முழுவதும் நம்முடையதாகும். இம்மாதச் சீட்டு வந்ததும் அதைத் தொகைக்காக மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாமல், வீட்டிலுள்ள பிள்ளையை அருகழைத்து, எத்தனை யூனிட், எதனால் ஆயிற்று என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பயிற்சிக்கூடம் வரும்போது வரட்டும். முதற் பாடத்தை இன்றைக்கே நம் வீட்டில் தொடங்கலாம்.